அறுபதுக்கு ஒரு லீவர் ரைஃபிள்: சொல்லிச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அத்தானுக்கு அடுத்த வருடம் அறுபது என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ரைஃபிள்ல அவர் பேரைத் தமிழ்ல பொறிச்சுத் தருவாங்களாடா?" என்பதுதான். அத்தான் பென்சில்வேனியாவில் முப்பது வருடமாக இருக்கிறார், குடியுரிமை பெற்றவர், ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் மான் வேட்டைக்குப் போகிறவர். நானும் வேட்டைக்காரன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறிப்பு, தங்க இழை, மரத்தின் வரிகள் என்று அலங்காரத்திலிருந்தே நானும் தொடங்கினேன். தொடங்கவேண்டிய முனை அது இல்லை என்று புரிய இரண்டு மாதம் ஆனது. அலங்காரம் கடைசி. முதலில் சட்டம், அடுத்து வேலை, அதற்கடுத்து அவருடைய தோளும் கண்ணும். இந்த வரிசை பிசகினால் எவ்வளவு அழகான துப்பாக்கியும் பெட்டகத்தில்தான் தூங்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. விசைக்காப்பு வளையத்தோடு சேர்ந்து கீழே நீண்டிருக்கும் இரும்புக் கைப்பிடிதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், குழலுக்கு அடியிலுள்ள நீளக்குழாயிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி உரிமம் பெற்ற ரைஃபிளில் தொடங்கி வின்செஸ்டரின் 1866, 1873 மாடல்கள், பிறகு ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886, 1892, 1894 என்று இந்தக் குடும்பம் வளர்ந்தது. 1894 மாடல் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

சொல்லிச் செய்வதும் இன்று வந்த பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் வின்செஸ்டருக்குக் கடிதம் எழுதி, குழல் இவ்வளவு நீளம், எண்கோணமாக, தோட்டாக்குழாய் பாதி நீளம், தோளில் வைக்கும் கட்டைக்கு உயர்ரக மரம் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரத்துத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் அந்தத் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. பழைய ரைஃபிளின் வரிசை எண்ணைக் கொடுத்தால், பதிவு இருக்கும் பட்சத்தில், அது என்னென்ன அம்சங்களோடு எந்த நாளில் வெளியே போனது என்று கடிதமாகத் தருகிறார்கள். நாம் செய்யப்போவதும் அதே மாதிரி ஒரு கடிதம் எழுதுவதுதான்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பனோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் திடலுக்குப் போய் அவன் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இந்தத் தடையில் அடங்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உங்கள் மாநில விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசு பெறுகிறவரின் நிலை என்ன என்பதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்யவேண்டும்.

அடுத்தது, யார் வாங்குவது என்ற கேள்வி. உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பவேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். "உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா?" என்று அந்தப் படிவம் கேட்கும். உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி மனதாரப் பரிசளிப்பது குற்றமில்லை. ஆனால் பெறப்போகிறவரின் பணத்தை வாங்கிக்கொண்டு, அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது குற்றம். தன் மாமாவின் பணத்தில் அவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கிய ஆப்ரம்ஸ்கி என்பவரின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதியுள்ளவர்தான், இருந்தும் தண்டனை நின்றது. "நீ இப்போ வாங்கு, பாதிப் பணம் நான் தர்றேன்" என்பது நம் வீடுகளில் சகஜம். இங்கே அந்தச் சகஜம் உதவாது.

நாங்கள் செய்தது இதுதான். வேலைப்பாட்டுக்கான பணத்தை நானும் அக்கா பிள்ளைகளும் கட்டினோம். ரைஃபிள் முடிந்ததும் அத்தான் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள உரிமம் பெற்ற கடைக்கு அனுப்பச் சொன்னோம். அத்தானே போய், தன் பெயரில் படிவம் நிரப்பி எடுத்துக்கொண்டார். நீங்கள் ஒரு மாநிலத்திலும் அவர் வேறு மாநிலத்திலும் இருந்தால் இந்த வழிதான் உங்களுக்கும். கொஞ்ச வருடத்தில் ஊருக்கே திரும்பிவிடும் யோசனை அவருக்கு இருந்தால், அதையும் இப்போதே பேசிவிடுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும், பெட்டியில் போட்டுக் கொண்டுபோகிற பொருள் இல்லை இது.

எதற்காக என்று கேளுங்கள், தோட்டா தானாக முடிவாகும்

மான் வேட்டையா, ஞாயிற்றுக்கிழமை காகித இலக்கா, பேரப்பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கவா? பிறந்தநாள் நாயகரிடம் நேராகக் கேட்கமுடியாது என்றால், அவர் இப்போது எதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார் என்று பாருங்கள்.

மரங்கள் அடர்ந்த காட்டில் மான் என்றால் 30-30 போதும். 1894 மாடலுக்காக 1895இல் வந்த தோட்டா இது, இன்றும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், தோளைப் படுத்தாது. 357 மேக்னம் வாங்கினால் அதே குழலில் மலிவான 38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். உதைப்பு மிகக் குறைவு, ரேஞ்சில் மணிக்கணக்காகச் சுடலாம், பக்கத்தில் நிற்கும் மானுக்கும் போதுமானது. பேரப்பிள்ளைகளோடு பொழுதுபோக்க என்றால் .22. பென்சில்வேனியாவில் அதை வைத்து மான் சுட அனுமதி இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

45-70 வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த பெரிய தோட்டா, கதைகள் நிறைய உண்டு. கரடி நடமாடும் இடத்துக்குப் போகிறவருக்கு அது பொருந்தும். மற்றபடி அறுபது வயதுத் தோளுக்கு அதைப் பரிசாகக் கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பழைய சூழல் வேண்டும் என்று 1873 மாடலைத் தேர்ந்தெடுப்பவர்கள் 45 கோல்ட் தோட்டா கேட்பதுண்டு. இத்தாலியின் உபெர்ட்டி போன்ற நிறுவனங்கள் செய்யும் மறுபதிப்புகளில் அது கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு வின்செஸ்டர்களில் அது கிடையாது, அப்போது முக்கியமாக 44-40தான். வரலாறு சரியாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறவருக்கு 44-40 கொடுங்கள்.

குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் கூர்மூக்குத் தோட்டாவை அதில் போடக் கூடாது. தட்டைமூக்கு வேண்டும், இல்லையென்றால் லீவர் ரைஃபிளுக்கென்றே மென்மையான நெகிழி முனையோடு வருவது வேண்டும். பரிசோடு இரண்டு பெட்டித் தோட்டாவும் வைப்பதாக இருந்தால் இதைப் பார்த்து வாங்குங்கள்.

அடிப்படைத் துப்பாக்கி: புதியதா, பிறந்த வருடத்தியதா?

சொல்லிச் செய்வது என்றாலும் ஒரு துப்பாக்கியை வாங்கி அதன்மேல்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். அவர் பிறந்த வருடத்தில் செய்த ரைஃபிளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது மனதைத் தொடும் யோசனை. எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் இதில் ஒரு முக்கியமான கோடு உண்டு.

வின்செஸ்டர் 1964இல் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது. 94 மாடலில் கடைந்து செய்த பாகங்கள் சிலவற்றுக்குப் பதில் தகட்டில் அடித்த பாகங்கள் வந்தன, திடமான ஊசிகளுக்குப் பதில் சுருட்டிய வெற்று ஊசிகள் வந்தன. அதைவிட நமக்கு முக்கியமானது ரிசீவரின், அதாவது லீவரும் உள்பாகங்களும் இயங்கும் நடு உடலின் உலோகம். 1964க்குப் பிந்தைய பல வருடங்களின் ரிசீவர்கள் வழக்கமான நீலப்பூச்சை (துரு தடுக்கும் கருநீல மேற்பூச்சு) ஏற்காத கலவையில் செய்தவை, பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாக வண்ணம் ஏற்றுவது பெரும் தொல்லை. இன்று அறுபதைத் தொடுகிறவர்கள் 1964க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆகவே பிறந்த வருடத்து வின்செஸ்டரை வாங்கி அலங்கரிக்கும் திட்டம் அவர்களுக்குச் சரிவராது. எழுபதோ எழுபத்தைந்தோ கொண்டாடுகிறவருக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் பிறந்த வருடத்து 94 நல்ல உலோகம்.

அறுபதுக்காரருக்குப் பிறந்த வருடமேதான் வேண்டும் என்றால் மார்லின் 336 பாருங்கள். 1948இல் வந்த மாடல், அதன் ரிசீவர் சுத்தியலடித்து உருவாக்கிய எஃகு. மேல்பக்கம் மூடியிருக்கும், வெற்றுக்கூடு பக்கவாட்டில் போகும், ஆகவே தொலைநோக்கி மாட்டுவதும் எளிது. புதிய துப்பாக்கிதான் என்றால், வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலை செய்யும் 1892, 1894, 1886 மாடல்களின் வேலைத்தரம் மிக நன்றாக இருக்கிறது. மார்லினை 2020இல் ரூகர் வாங்கியது, இப்போது வட கரோலினாவில் செய்கிறார்கள். நாங்கள் மிரோக்கு 1894ஐ எடுத்தோம், 30-30 தோட்டாவில்.

இந்தப் புதிய வின்செஸ்டர் மாடல்களில் கட்டையின் கைப்பிடிக்கு மேல்பக்கத்தில் ஒரு பாதுகாப்புப் பொத்தான் இருக்கும். பழைய அழகு கெடுகிறது என்று அதை எடுத்துவிடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். தோட்டா உள்ளே இருக்கும்போது, அதை வெடிக்கத் தட்டும் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குவதுதான் பழைய முறை. குளிரில் விறைத்த விரலுக்கு அது நம்பகமான வேலை இல்லை.

தோள்

நான் முதன்முதலில் வாங்கிய லீவர் ரைஃபிள் 45-70, பின்கட்டையின் முனையில் பிறைவடிவ இரும்புத் தகடு. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ரேஞ்சில் மேசைமேல் சாய்ந்து ஐந்து தோட்டா சுட்டேன். அன்று இரவு சட்டையைக் கழற்றியபோது பிறையின் இரண்டு கொம்பும் பட்ட இடத்தில் இரண்டு நீலப் புள்ளிகள், இடையில் உள்ளங்கை அகல இடைவெளி, அச்சடித்ததுபோல. அந்தப் பிறை தோள்குழியில் வைப்பதற்கானதே இல்லை. தோளுக்கு வெளியே, மேல்கையின் சதையில் பொருத்தி, நின்றபடி சுடுவதற்கானது. தெரியாமல் வாங்கினேன், ஒரு வருடத்தில் விற்றுவிட்டேன். ஆகவே பிறைத்தகடு வேண்டாம், ஷாட்கன் பட் என்று சொல்லும் தட்டையான முனை கேளுங்கள். மெல்லிய ரப்பர் பட்டையோடு கேட்டால் இன்னும் நல்லது. உதைப்பு குறைந்த 357க்கு மட்டும் பிறை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது கட்டையின் நீளம். விசையிலிருந்து பின்முனையின் நடுவரை அளப்பது. பழைய பாணி லீவர் ரைஃபிள்களில் இது 13 அங்குலத்தை ஒட்டியிருக்கும். முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டால் ஆள்காட்டி விரலின் முதல் பட்டை விசைமேல் இயல்பாக உட்காரவேண்டும். இது ஒரு தொடக்கக் கணக்குதான். துல்லியமாக வேண்டுமென்றால் அவர் விரும்பிச் சுடும் துப்பாக்கியை எடுத்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அத்தான் ஊரில் இல்லாத நாளில் அக்கா திறந்துகாட்ட, நான் பழைய ரைஃபிளை அளந்தேன்: பதின்மூன்றேகால். குளிர்கால ஜாக்கெட்டின் தடிமன் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது, ஏனென்றால் அவர் சுடுவது எப்போதும் ஜாக்கெட்டோடுதான். அதே அளவைக் கடிதத்தில் எழுதினேன்.

கட்டையின் கைப்பிடி நேராகவும் இருக்கலாம், வளைவாகவும் இருக்கலாம். நேரானது மெலிதாக, லீவரை வேகமாக ஆட்ட வசதியாக இருக்கும். வளைவு மணிக்கட்டுக்கு ஆறுதல். மூட்டுவலி உள்ளவருக்கு வளைவு. கையுறை போடும் வழக்கம் இருந்தால் லீவரின் வளையம் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். சினிமாவில் வரும் மிகப்பெரிய வட்ட வளையத்தைக் கேட்காதீர்கள், விரல் அதில் அலைபாயும்.

கண்

ஐம்பது, அறுபது வயதுப் பரிசில் பலர் கோட்டைவிடும் இடம் இது.

பழைய பாணி ரைஃபிளில் குறிபார்க்க உதவும் பின்குறி குழலின்மேல், கண்ணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கும். எருமைக்கொம்பு போல வளைந்த இரண்டு காதும் நடுவில் சிறு வெட்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த வெட்டு புகையாகத்தான் தெரியும். பின்குறி, முன்குறி, மான் என்று மூன்று தூரங்களையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கேட்கிறோம், கண் எதை விடும்? பக்கத்தில் இருக்கும் பின்குறியைத்தான்.

தீர்வு, துளைக்குறி. ரிசீவரின் பின்பகுதியிலோ கைப்பிடியின் மேலேயோ மாட்டும் சிறு வட்டத்துளை. கண்ணுக்கு அருகில் இருப்பதால் அதைத் தெளிவாகப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. துளை வழியாகப் பார்த்தால் போதும், கண் தானாக நடுவைத் தேடிக்கொள்ளும். சிறு துளை வழியாகப் பார்க்கும்போது தூரத்துப் பொருளும் முன்குறியும் இரண்டுமே கூர்மையாகும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல்களைக் குவித்து ஊசித்துளை செய்து அதன் வழியாக நாள்காட்டியைப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வேட்டைக்குத் துளை சற்றுப் பெரிதாகவும் விளிம்பு மெலிதாகவும் இருக்கவேண்டும். விடியற்காலை மங்கலில் சின்னத்துளை இருண்டுவிடும்.

முன்குறியின் மணி பித்தளையிலோ வெள்ளையிலோ இருக்கட்டும். பழைய யானைத்தந்த மணியைப் போல வெள்ளைச் செயற்கைப்பொருளில் இப்போது செய்கிறார்கள், பழுப்புநிற மான்மேல் அது நன்றாகத் தெரியும்.

மிரோக்கு மாடலில் கைப்பிடியின் மேல் பாதுகாப்புப் பொத்தான் இருப்பதால், அங்கே மாட்டும் எல்லாத் துளைக்குறியும் பொருந்திவிடாது. நாங்கள் ரிசீவரில் மாட்டுவதைக் கேட்டோம். துளைபோடும் இடத்தைப் பொறிப்பு வேலைக்கு முன்பே முடிவுசெய்துவிடவேண்டும், இல்லையென்றால் செதுக்கிய இலைக்கு நடுவில் திருகாணி வந்து நிற்கும்.

குழல், தோட்டாக்குழாய்

எண்கோணக் குழல் அழகு, கனமும் கூட. 20 அங்குல வட்டக்குழலோடு 1894 சுமார் மூன்று கிலோ. 26 அங்குல எண்கோணத்தில் ஒரு 1886 நான்கு கிலோவைத் தாண்டும். ரேஞ்சில் கனம் நல்லது, மலையேற்றத்தில் இல்லை. பாதி எண்கோணம், பாதி வட்டம் என்று ஒன்று உண்டு. ரிசீவரிலிருந்து தொடங்கும்போது எட்டுப் பட்டையும் தெரியும், முன்னால் போகப்போக வட்டமாகும். எடையும் அழகும் ஒத்துப்போகும் இடம் அதுதான் என்பது என் கருத்து. மிகக் குட்டையாகக் கேட்காதீர்கள். சட்டப்படி, தனிப் பதிவு இல்லாமல் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வயதான கண்ணுக்கு முன்குறி தள்ளி இருப்பதும் நல்லது. 20இலிருந்து 24க்குள் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்குழாய் முழுநீளமா, பாதியா என்பது பார்வைக்கும் எடைக்கும் உள்ள விஷயம். வேட்டைக்காரர் மூன்று தோட்டாவுக்கு மேல் செலவழிப்பது அரிது.

மரம்

அமெரிக்கக் கறுப்பு வால்நட் இந்த ரைஃபிளின் சொந்த மரம். பழுப்பு நிறம், உறுதி. அதற்குமேல் போனால் ஆங்கில வால்நட் என்று சொல்லும் வகை: தேன்நிறத்தில் கருங்கோடுகள். வரிகள் அதிகமாக நெளியும் பலகை பார்க்க அழகு, ஆனால் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் மட்டும் வரி நேராக, நீளவாக்கில் ஓடவேண்டும். அந்த இடம்தான் உதைப்பில் விரிசல் விடும். பலகையின் படத்தை இரண்டு பக்கமும் அனுப்பச் சொல்லி, கைப்பிடி வரும் இடத்தை வட்டமிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பான வார்னிஷைவிட எண்ணெய் மெருகு கேளுங்கள். கீறல் விழுந்தால் வீட்டிலேயே துணியால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

உலோகத்தின் நிறம்

நீலப்பூச்சு எளிது, நீடிக்கும். பித்தளை ரிசீவர் 1866 மாடலை நினைவூட்டும். நாங்கள் தேர்ந்தது கேஸ் கலர், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ரிசீவரை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியில் புதைத்து, 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணிநேரம் சூடேற்றி, காற்றுக்குமிழி விடும் தண்ணீரில் சட்டென்று கவிழ்ப்பார்கள். மேல்தோலில் கரி ஏறி எஃகு கடினமாகும். கூடவே நிறம் வரும். வைக்கோல் மஞ்சளில் தொடங்கி, ஓரத்தில் பழுப்பாகி, நடுவில் மயில்கழுத்து நீலமும் கத்தரிப்பூ நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்கும். மழைத்தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை அப்படியே இரும்பில் உறையவைத்த மாதிரி. ஒன்றைப் போல் இன்னொன்று வராது. நியூயார்க் மாநிலம் புளூம்ஃபீல்டில் உள்ள டர்ன்புல் பட்டறை இந்த வேலைக்குப் பெயர்பெற்றது.

விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "இது எலும்புக்கரியில் செய்ததா, ரசாயனத்தில் வரவழைத்த நிறமா?" இரண்டும் உண்டு. விலையும் ஆயுளும் வேறு. உண்மையான கேஸ் கலரும் வெயிலிலும் கைவியர்வையிலும் மெல்ல மங்கும். வெயில்படும் கண்ணாடிப்பெட்டியில் மாட்டப்போகிறவருக்கு இது வேண்டாம்.

பொறிப்பு, தமிழ் எழுத்து

வின்செஸ்டர் தொழிற்சாலையில் உல்ரிச் குடும்பத்துச் சகோதரர்கள் தலைமுறையாகச் செதுக்கிய ரைஃபிள்களை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அந்த மரபில் இன்றும் கையால் செதுக்குகிறவர்கள் உண்டு. லேசரில் செய்கிறவர்களும் உண்டு. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி போதும். உளி வெட்டிய கோடு அடியில் கூராக, இரண்டு சரிவும் மின்னும், வளைவில் தடித்து முனையில் மெலியும். லேசர் கோட்டின் அடி தட்டையாக, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். லேசர் மட்டம் என்று நான் சொல்லவில்லை. லேசருக்குக் கைவேலையின் விலை கொடுக்காதீர்கள் என்கிறேன்.

செதுக்குவது கேஸ் கலருக்கு முன் நடக்கவேண்டும். கடினமான தோலில் உளி ஏறாது. ஆகவே கட்டை பொருத்துதல், துளைபோடுதல், செதுக்குதல், நிறம் என்பது வரிசை. வரிசை எண்ணைத் தொடவோ மழுங்கவோ விடக் கூடாது, அதை அழிப்பது குற்றம்.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் பொறிக்கலாம். ஆனால் எழுத்தைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். நான் "மனோ" என்று அனுப்பினேன். திரும்பி வந்த மாதிரிப் படத்தில் கொம்பு "ன"வுக்குப் பின்னால் போய், காலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் நின்றது. செதுக்குகிறவருக்குத் தமிழ் தெரியாது, அந்தப் புள்ளிவட்டத்தையும் எழுத்து என்றே நினைத்து அழகாக வரைந்திருந்தார். மாதிரிப் படம் கேட்டதால் தப்பித்தோம். அவர்களுடைய மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல் தனித்தனியாக உடைத்துவிடுகிறது. எழுத்தைக் கோட்டுருவப் படமாக மாற்றி அனுப்புங்கள். அதைவிட நல்லது, கையால் எழுதி ஸ்கேன் செய்வது. எங்களுடையதை அக்கா மையால் எழுதினாள், அதே கையெழுத்தில்தான் செதுக்கினார்கள். கூடவே ஒரு அம்புக்குறி போட்டு "இது மேல்பக்கம்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்.

தேதியிலும் கவனம். நாம் 7-11 என்று எழுதினால் நவம்பர் 7, அவர்களுக்கு ஜூலை 11. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

எங்கே பொறிப்பது? ரிசீவரில் பூவேலையை மட்டும் வைத்து, பெயரையும் தேதியையும் பின்கட்டையின் அடியில் பதிக்கும் சிறு வெள்ளித்தகட்டில் போடச் சொன்னேன். முட்டைவடிவத்தில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. பிழை நேர்ந்தால் தகட்டை மாற்றிவிடலாம். செதுக்கிய ரிசீவரை மாற்றமுடியாது.

கடிதமும் காலமும்

முடிவு செய்த எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: மாடல், தோட்டா, குழல் நீளம், வடிவம், கட்டை நீளம், முனை, குறி, மரம், நிறம், பொறிப்பு, அனுப்பவேண்டிய கடையின் உரிம விவரம். ஒவ்வொரு கட்டத்திலும் படம் வேண்டும் என்றும், மாதிரிப் படத்துக்கு நீங்கள் ஒப்புதல் தராமல் செதுக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். முன்பணம் எவ்வளவு, தாமதமானால் என்ன என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். நல்ல கைகளிடம் வரிசை நீளம், ஒரு வருடத்துக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. பிறந்தநாளன்று ரைஃபிள் வரவில்லை, மரப்பலகையின் படத்தைச் சட்டமிட்டுக் கொடுத்தோம். அத்தான் அதைப் பெட்டகத்துக்கு மேலே இன்னும் மாட்டிவைத்திருக்கிறார்.

கைக்கு வந்ததும் முதலில் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு வெடிக்காத பயிற்சித் தோட்டா நான்கைந்தைக் குழாயில் ஏற்றி லீவரை முழுவீச்சில் ஆட்டிப் பாருங்கள். தயங்கித் தயங்கி ஆட்டினால் எந்த லீவர் ரைஃபிளும் சிக்கும். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டுப்படக் கூடாது. அடுத்து ரேஞ்ச், காதுக்கும் கண்ணுக்கும் காப்போடு. வேட்டைக்குப் போடப்போகும் அதே தோட்டாவில் ஒரு பெட்டி சுட்டுக் குறியைச் சரிசெய்யுங்கள். முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். அழகாக இருக்கிறதே என்று தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துவைத்துத் துரு ஏற்றிவிடும்.

அத்தானுடைய ரைஃபிள் அக்டோபரில் வந்தது. நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, மான் பருவத்தின் முதல் நாள், அதிகாலை ஐந்தரைக்குக் காரில் ஏறும்போது அதைத்தான் எடுத்து வந்தார். கையுறை போட்ட கட்டைவிரல் பின்கட்டையின் அடியில் அந்த வெள்ளித்தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.